எழவு வீட்டுக்கு எதிர்வாசலில் தேர்க்கோலம்

அதெல்லாம் இல்லை. பேயாண்டி செத்த சந்தோஷத்தில்தான் சிவபாண்டி கலர்க்கோலம் போட்டான் என்று வில்லாபுரம் முழுக்கப் பேசித் திரிகிறார்களே, அவர்களில் எத்தனை பேர் அந்தக் கோலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள்? தண்ணி லாரிக்கு நிற்கும்போது ஒருத்தி சொன்னது, ரேஷன் கடையில் இன்னொருத்தி சொன்னது, டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கேட்டது. எல்லாம் கேள்விப்பட்ட பேச்சு. கேட்டதற்கு ஆளாளுக்கு ஒரு கை, ஒரு கால் வைத்து நடக்க விட்டிருக்கிறார்கள்.

சாவு விழுந்த வீட்டுக்கு எதிரே சிவப்பும் மஞ்சளுமாகத் தேர் வரைந்தான், அந்தத் தேரின் வடத்தைச் செத்தவர் வீட்டு கேட் வரைக்கும் இழுத்துவிட்டான், ‘போய்ச் சேர்’ என்று சொல்லாமல் சொன்னான் என்பது ஒரு கூட்டத்துப் பேச்சு. அது கோலமே இல்லை, செய்வினை என்பது இன்னொரு கூட்டம். பொம்பளை மாதிரி குத்தவைத்துக் கோலம் போடுகிற ஆம்பளைக்குப் புத்தி வேறு எப்படிப் போகும் என்று கேட்கிறவர்களும் உண்டு.

கோலம் போட்டது உண்மை. தேர் வரைந்தது உண்மை. வடம் எதிர்வீட்டு கேட் வரைக்கும் போனதும் உண்மை. அம்புட்டையும் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் ஏன் போட்டான் என்று தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த மனுஷன் கால் எப்போது கட்டிப்போட்ட மாதிரி ஆனது என்பதில் இருந்து தொடங்க வேண்டும். உட்கார்ந்து கேட்கிறவர்கள் கேட்கட்டும். அவசரக்காரர்கள் லாரிக்கே போகட்டும்.

சிவபாண்டிக்குச் சொந்த ஊர் டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் களை வெட்டியும் பிழைத்தவர்கள். இவனுக்கு மண்ணில் மனசு ஒட்டவில்லை, சக்கரத்தில்தான் ஒட்டியது. மீசை அரும்புகிற வயசில் மதுரைக்கு லாரி கழுவ வந்தவன், கிளீனராகி, டிரைவராகி, கடைசியில் சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டியும் எடுத்தான். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகைப் பெட்டிகளை ஏற்றி, ஏர்போர்ட்டில் கொண்டுபோய் இறக்குவது அவன் வேலை. வெளிநாடு போகிற பூ. பூவும் காத்திருக்காது, பிளேனும் காத்திருக்காது. அதனால் எந்த வளைவில் எந்த கியர், எந்த இடத்தில் மாடு குறுக்கே வரும் என்பதெல்லாம் அவன் கைக்கே தெரியும், மூளையைக் கேட்காது. அவன் பெண்டாட்டி பாண்டிமீனா லேடீஸ் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் செய்கிறவள். “எங்க வீட்டுக்காரரு தூக்கத்துல புரண்டு படுத்தாக்கூட இண்டிகேட்டர் போட்டுட்டுத்தான் படுப்பாரு” என்று அங்கே இருக்கிற பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பாள். ஒரே மகள் பவதாரிணியைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லாத குடும்பம்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் ரிங் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டினான்.

யாரும் குறுக்கே வரவில்லை. எதிலும் மோதவில்லை. வெயில்கூட அன்றைக்கு மந்தம்தான். திடீரென்று நெஞ்சுக்குள் யாரோ கதவைப் போட்டுத் தட்டுகிற மாதிரி இருந்தது. கை மரத்தது, மூச்சு பாதியிலேயே திரும்பியது, இதோ செத்தோம் என்று தோன்றியது. பின்னால் பெட்டியில் ஐஸ் உருகித் தண்ணீர் ரோட்டில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்ததாம். அன்றைய பூ பிளேன் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. அடைப்பு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தெருவே ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்திருக்கும். ஒன்றும் இல்லை என்றதும், ஒன்றும் இல்லாதவனுக்கு எதற்கு ஓய்வு என்று ஆகிவிட்டது. நடிக்கிறான், உடம்பு வளையவில்லை, பொண்டாட்டி சம்பாத்தியத்தில் ருசி கண்டுவிட்டான் என்றெல்லாம் கதை கட்டினார்கள்.

அவனுக்கோ ஒவ்வொரு இடமாகக் கையை விட்டுப் போனது. முதலில் ரிங் ரோட்டில் அந்த வளைவு. பிறகு ரிங் ரோடே. பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே நெஞ்சு தட்டியது, வண்டியை மச்சானிடம் விட்டான். டவுன் பஸ் போனது, முக்கு டீக்கடை போனது, கடைசியில் சொந்த வாசப்படியே போனது. படிக்கு அந்தப் பக்கம் காலை வைத்தால் உள்ளங்கால் வேர்த்துவிடும். உள்ளே இழுத்துக்கொள்வான். போன் மணி அடித்தால்கூடத் தூக்கிவாரிப்போடும் என்று அதை அணைத்தே வைத்துவிட்டான். வீட்டுக்குள் லுங்கியும் பனியனுமாக, சட்டை போடுவதற்கே காரணம் இல்லாத மனுஷனாக ஆகிப்போனான்.

பாண்டிமீனாவின் அண்ணன், குறி சொல்கிற கோடாங்கியிடம் கூட்டிப்போகலாம் என்றான். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். ஹாஸ்டலில் இருந்த ஒரு பிள்ளை சொல்லி, மனநல டாக்டரிடம் போக முடிவு செய்தாள். ஆட்டோவை வாசலோடு ஒட்டி நிறுத்தச் சொல்லி, அவன் முகத்தைத் துண்டால் மூடி, கையைப் பிடித்து உட்கார வைத்துத்தான் கொண்டுபோனாள். அந்த டாக்டரம்மா சின்ன வயசு. இது பயத்தால் வருகிற நோய், நடிப்பில்லை, ரத்தக்கொதிப்பு சர்க்கரை போல இதற்கும் மருந்து உண்டு என்று நிதானமாகச் சொன்னார். மாத்திரை அதன் வேலையைச் செய்யும், கூடவே கைக்கு ஒரு வேலை வேண்டும், கையும் கண்ணும் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றார். படம் வரையலாம், பாடலாம், எதையாவது பின்னலாம். நன்றாக வர வேண்டும் என்றில்லை, யாருக்கும் காட்ட வேண்டும் என்றுமில்லை. வாசப்படியைத் தாண்டுவதை மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும்.

பாண்டிமீனா கலர் பென்சிலும் படம் போட்ட புத்தகமும் வாங்கிவந்தாள். அவன் ஒரு கிளிக்குப் பச்சை அடித்தான், மூடி வைத்தான். கூடை பின்ன ஒயர் வாங்கிவந்தாள். அது சிக்கு விழுந்து, கடைசியில் துணி காயப்போடுகிற கொடியாகப் போயிற்று. பாட்டு அவனுக்கு வராது, அது அவனுக்கும் தெரியும், அக்கம்பக்கத்துக்கும் தெரியும்.

அப்புறம் ஹாஸ்டல் அடுப்படியில் பாண்டிமீனா வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இடது கையால் சாம்பார் கிண்டலாம், கோலம் போட முடியுமா? முதல் பஸ்ஸுக்கு இருட்டிலேயே கிளம்புகிறவள், அதற்கு முன்னால் வாசலில் தண்ணி தெளித்து நாலு இழை இழுத்துவிட்டுத்தான் போவாள். இப்போது வாசல் மொட்டையாகக் கிடந்தது.

“பாக்குறவுக இந்த வீட்ல யாரு போயிட்டாங்கன்னு கேப்பாக” என்று புலம்பிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனாள். எழவு விழுந்த வீட்டு வாசல்தானே அப்படிக் கிடக்கும். அவள் போன பிறகும் அந்த வார்த்தை வீட்டுக்குள் நின்றது.

கோலமாவு டப்பாவுக்குள் ஒரு சாக்பீஸ் கிடந்தது. சிவபாண்டி அதை எடுத்து, கூடத்து சிவப்புத் தரையில் புள்ளி வைத்தான். பெண்டாட்டி போடுகிற சிக்குக் கோலத்தைப் பல வருஷம் தாண்டித் தாண்டிப் போனவன்தான், கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. புள்ளியைச் சுற்றிக் கம்பி இழையை வளைத்தான். ஒரு மூலையில் போய் மாட்டிக்கொண்டது. ஈரத்துணியால் துடைத்தான். மறுபடி வைத்தான். இந்தத் தடவை ஒரு புள்ளி அனாதையாக வெளியே நின்றது. துடைத்தான். பசி எடுத்துத் தலை நிமிர்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. காலையில் இருந்து நெஞ்சு தட்டியதா என்று யோசித்துப் பார்த்தான். தட்டின ஞாபகம் இல்லை.

சாயங்காலம் பாண்டிமீனா வந்து தரையைப் பார்த்தாள், அவசரமாக ஜன்னலைச் சாத்தினாள். யாராவது பார்த்துவிடுவார்களே என்கிற கூச்சம். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. நாள் முழுக்கப் பேசாத மனுஷன் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே கடகடவென்று பேசினான்.

“இது ரூட்டு மாதிரிதான் மீனா. ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. ஒரு ஸ்டாப்பைக்கூட விடக் கூடாது. எங்க சுத்துனாலும் கடைசில கிளம்புன டிப்போவுக்கே வந்து சேரணும்.”

“அப்படியா? லைசென்ஸ் இல்லாமலே நாங்க இம்புட்டு வருஷமா ஓட்டிக்கிட்டு இருந்திருக்கோம் பாருங்க” என்றாள் அவள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். அவன் சிரித்துப் பார்த்து அம்புட்டு நாள் ஆகியிருந்தது.

கோலம் போட்டான், குணமாகிவிட்டான் என்று சொன்னால் அதுவும் பொய்தான். பாதிப் புள்ளியில் சாக்பீஸைப் போட்டுவிட்டு, அந்தப் புள்ளிகள் மேலேயே மல்லாந்து படுத்துக் கிடந்த நாளும் உண்டு. முதுகெல்லாம் வெள்ளையாக எழுந்திருப்பான். மாத்திரையை ஒரு தடவை மாற்ற வேண்டி வந்தது. ஆனாலும் விடியும்போது எழுந்திருப்பதற்கு ஒரு காரியம் இருந்தது. தரையில் நேர்ப்புள்ளி கைவந்தது, ஊடுபுள்ளி கைவந்தது. மணிக்கட்டு சரியான பிறகும் பாண்டிமீனா மாவு டப்பாவைத் திரும்பக் கேட்கவில்லை. ஒரு நாள் வாசல் கதவைத் திறந்துவைத்து, டப்பாவைப் படியில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

படிக்கு உள்ளே குத்தவைத்து, கையை மட்டும் வெளியே நீட்டி, முதல் கோலத்தைச் சிவபாண்டி வாசலில் போட்டான். அந்த நேரத்தில் தெருவில் விழித்திருந்தது ஒரே ஒரு ஆள். எதிர்வீட்டுப் பேயாண்டி.

பேயாண்டி பஞ்சு மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடியும் முன்னே கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் சேரைப் போட்டு, கையில் டீ கிளாஸோடு உட்கார்ந்துவிடுவார். மில் இரைச்சலில் காது போனதால் பேச்சே கத்தலாகத்தான் வரும். அவர் ரகசியம் சொன்னால் அவனியாபுரத்தில் கேட்கும். அவரும் சிவபாண்டியும் சொந்தமில்லை, ஆனாலும் ஒருத்தருக்கொருத்தர் மாமா, மாப்பிள்ளைதான்.

“என்ன மாப்ள, கை மட்டும் வெளிய வருது. கால அடகு வச்சிருக்கியா?”

சிவபாண்டி கதவைச் சாத்திவிட்டான். மறுநாளும் அதே கேள்வி. அதற்கு மறுநாள், “ஏ கோலக்காரி, இன்னைக்கு ஒரு புள்ளி கோணலா இருக்கு பாரு” என்றார். தெரு முழுக்கக் கேட்டது. சிவபாண்டி பார்த்தான். நிஜமாகவே கோணல்தான். அழித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து, “கால் வெளிய வந்தா மொதல்ல உங்க சேரைத்தான் மாமா தட்டிவிடும்” என்றான். கிழவருக்கு அது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. டீ புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார்.

தெருவுக்குக் கேட்டது இம்புட்டுத்தான். ஒருத்தர் கோலக்காரி என்கிறார், இன்னொருத்தன் சேரைத் தட்டிவிடுவேன் என்கிறான். ஆக, இரண்டு பேருக்கும் பகை என்று முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். கோலத்து மேல் பைக் ஏறாமல் இருக்க, பேயாண்டி தன் சேரை ரோட்டுக்குள் நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, பைக் ஓட்டுகிறவர்களிடம் வசவு வாங்கியது யார் கண்ணிலும் படவில்லை. ஒரு காலை அவர் காய்ச்சலில் வெளியே வராதபோது, சிவபாண்டி பாதிக் கோலத்தோடு அந்த வெறும் சேரையே பார்த்துக்கொண்டிருந்தான். பேயாண்டி வீட்டம்மா ராக்கம்மாள் குப்பை கொட்ட வந்ததும், “மாமா எங்கத்தே?” என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மீதியைப் போட்டான். அதுவும் யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. டாக்டரம்மா சொன்னபடி, கோலம் முடிந்ததும் ஒரு காலை எடுத்துப் படிக்கு வெளியே வைத்துப் பார்ப்பான் சிவபாண்டி. அந்த நேரத்தில் மட்டும் பேயாண்டி வாயைத் திறக்க மாட்டார். சேரைத் திருப்பிப் போட்டுத் தன் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். கால் உள்ளே போய்க் கதவு சத்தம் கேட்டபின்தான் திரும்புவார்.

கை எட்டுகிற தூரம் கொஞ்சம்தான். அதற்குள் எம்புட்டுப் பெரிய கோலம் போட முடியும்? பரணில் மிச்சம் கிடந்த பிளாஸ்டிக் குழாயை எடுத்தான். ஒரு முனையில் மெல்லிசுத் துணியைக் கட்டி, மறு முனை வழியாக மாவைக் கொட்டி, குழாயைச் சாய்த்துப் பிடித்துத் தட்டினால் மாவு இழையாக விழுந்தது. இப்போது படிக்குள் உட்கார்ந்தபடியே தெருவின் அந்தக் கரை வரைக்கும் போட முடியும். சந்து அம்புட்டு அகலம்தான்.

பேயாண்டி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “இம்புட்டு மூளைய வச்சுக்கிட்டு ஒரு படி எறங்கத் தெரியலையேடா.”

தை மாசத்தில் பேயாண்டியும் ராக்கம்மாளும் டி. கல்லுப்பட்டிக்குக் கிளம்பினார்கள். அங்கே கட்டிக்கொடுத்திருக்கிற மகள் முத்துமீனா வீட்டில் பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. ஆட்டோவில் ஏறும்முன் பேயாண்டி தெருவைத் தாண்டி வந்து, சிவபாண்டியின் படிக்கு முன்னால் நின்றார்.

“வெள்ளிக்கிழமை காலைல வந்துருவேன். ஒரு தேர்க்கோலம் போட்டு வையி. கலரோட. வடத்த என் கேட் வரைக்கும் இழுத்து விடு. நான் அந்த மொனைல நிக்கிறேன், நீ இந்த மொனைல இருந்து எறங்கி வரணும்.”

“வரலேன்னா?”

“வரலேன்னா நான் சாகுற வரைக்கும் நீ கோலக்காரிதான்.”

அவர் போனபிறகு சிவபாண்டி வெகுநேரம் படியிலேயே இருந்தான். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பெண்டாட்டியிடம், வெள்ளிக்கிழமை இறங்கிவிடலாம் என்று இருக்கிறேன் என்றான். எதிர்முனையில் அந்த மனுஷன் நின்றால் போய்விடலாம் என்று தோன்றுகிறது. இந்தத் தடவை முடியாவிட்டால் இனிமேல் முடியாது என்றும் தோன்றுகிறது. மறுநாள் பாண்டிமீனா வரும்போது மஞ்சள், சிவப்பு, நீலம் என்று கலர்ப்பொடிப் பொட்டலங்களை வாங்கிவந்து டப்பா பக்கத்தில் வைத்தாள்.

வியாழக்கிழமை காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. கறிச்சோறு சாப்பிட்டு, பேரனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் படுத்த பேயாண்டி எழுந்திருக்கவில்லை. வில்லாபுரத்துக்குப் போன் வரும்போது இன்னும் விடியவில்லை. பாண்டிமீனா அதற்குள் முதல் பஸ்ஸில் போயிருந்தாள். சிவபாண்டியின் போன் அணைந்து கிடந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாகச் சேதி போனது. எதிர்வீட்டுச் சிவபாண்டிக்கு மட்டும் போகவில்லை. எதிர்த்த வீடாயிற்றே, தெரிந்திருக்கும் என்று சிலர் நினைத்தார்கள். வெளியே வராதவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சிலர் நினைத்தார்கள். யார் சொல்லவில்லை என்று கேட்டால் இன்றைக்கு ஒருத்தர் வாயும் திறக்காது. கோலத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பத்து வாய் திறக்கும்.

தெருவில் ஒரு சாவு என்றால், பிணம் எடுக்கிற வரைக்கும் எந்த வாசலிலும் கோலம் விழாது. நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் அது. சிவபாண்டி கதவைத் திறந்தபோது எல்லா வாசலும் காய்ந்து கிடந்தது. தைப் பனிக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள் என்று நினைத்தான். அப்படித்தானே நினைப்பான்?

அன்றைக்குப் போட்ட மாதிரி அவன் என்றைக்கும் போட்டதில்லை. நாலு சக்கரம், அதுக்கு மேலே அடுக்கு, அதுக்கு மேலே கூம்பு, உச்சியில் கொடி. படிக்குள் இருந்தபடியே கலர் நிரப்பினான். கடைசியில் குழாயை முழுசாக நீட்டி, இரட்டை இழையாக வடத்தைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு போனான். கடைசி மாவு பேயாண்டி வீட்டு கேட் அடியில் போய் விழுந்தது. உள்ளே போய் முகம் கழுவினான். ரொம்ப நாளாக மடிப்புக் கலையாமல் இருந்த ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். வந்து படியில் உட்கார்ந்து, முக்கில் ஆட்டோ திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டோ வரவில்லை. பந்தல்காரர்கள்தான் வந்தார்கள். சேர் இறக்கினார்கள். ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. ஆட்கள் வந்து கோலத்தைச் சுற்றி நின்றார்கள். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரி, அவளுக்குப் பேர் இருக்கிறது, இங்கே வேண்டாம், “படுபாவி, எம்புட்டு வன்மம் இருந்தா இப்படிப் பண்ணுவான்” என்றாள்.

சிவபாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டான்.

“பேயாண்டி அண்ணன் செத்துட்டாரு. தெரியாத மாதிரி கேக்குற” என்றான் பந்தல் கட்ட வந்த ஒருத்தன்.

நெஞ்சுக்குள் தட்டத் தொடங்கியது. ரிங் ரோட்டில் தட்டிய அதே தட்டு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தொட்டி வீட்டுக்காரி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“வேணாம்” என்றான். “நான் போட்டது. நானே அழிக்கிறேன்.”

“நீ எப்படி அழிப்ப? குழாய வச்சா?”

எழவு வீட்டுப் பந்தல் என்றுகூடப் பார்க்காமல் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போதுதான் முக்கில் வண்டி ஹாரன் கேட்டது. பேயாண்டியைக் கொண்டுவருகிற வண்டி.

உள்ளே போனான். கதவைச் சாத்திக்கொள்வான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வாளியும் துடைப்பமுமாகத் திரும்பி வந்தான். படியில் ஒரு நிமிஷம் நின்றான். உள்ளங்கால் வேர்த்து, சிமெண்டில் ஈரத்தடம் பதிந்தது. அந்தக் காலைத்தான் தூக்கி வெளியே வைத்தான். தேரின் சக்கரத்துக்கு மேல். அடுத்த காலையும் வைத்தான். அவன் கையால் போட்ட புள்ளி, அவன் போட்ட கம்பி, அதுக்கு மேலேதான் நின்றான். குனிந்து தண்ணீரை ஊற்றித் தேய்த்தான். சக்கரம் போனது, அடுக்கு போனது, கொடி கரைந்து சாக்கடைப் பக்கம் கலராக ஓடியது. நெஞ்சு தட்டிக்கொண்டேதான் இருந்தது. அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான். நிமிர்ந்தபோது தெருவுக்கு நட்டநடுவில் நின்றான். வீடு பின்னால் இருந்தது.

வண்டி வந்து நின்றது. ராக்கம்மாள் இறங்கினாள். அழுது ஓய்ந்த முகம். கேட் அடியில் மிச்சம் இருந்த வடத்தைப் பார்த்தாள். கையில் துடைப்பத்தோடு, முழங்கால் வரை கலர்த்தண்ணீரோடு நின்றவனைப் பார்த்தாள்.

“ஏப்பா, இது அவரு போடச் சொன்ன தேரா?”

தலையை ஆட்டினான்.

“வர்ற வழியெல்லாம் அதத்தான் நெனச்சேன். நேத்துக் காதுகுத்துல பாக்குறவுககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு, வெள்ளிக்கிழம கோலக்காரிய வெளிய இழுக்கப்போறேன்னு.” சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். “மிச்சத்த விடு. அவரு அதத் தாண்டித்தான் உள்ள போகட்டும்.”

தொட்டி வீட்டுக்காரி வழக்கம், முறை என்று என்னவோ இழுத்தாள். என் வீட்டு வாசல், என் புருஷன், நான் சொல்கிறேன் என்றுவிட்டாள் ராக்கம்மாள். அந்த வடத்தின் மேலேதான் பேயாண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதியை வேண்டுமென்றே அழிக்காமல் விட்டான் என்று இன்றைக்குப் பேசுகிறார்களே, அந்தப் பாதியின் கதை இதுதான்.

அதன்பிறகு சிவபாண்டி வீட்டுக்குத் திரும்பவில்லை. பந்தலில் ஓரமாக ஒரு சேரில், இரண்டு கையாலும் முழங்காலை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மத்தியானம் பாடை எடுத்தபோது எழுந்து பின்னால் நடந்தான். காலில் செருப்பு இல்லை. வீட்டுக்குள்ளேயே இருந்து மெத்தென்று ஆகிப்போன பாதம், ரோட்டுப் பொடிக்கல் ஒவ்வொன்றும் குத்தியது. முக்கு டீக்கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றுவிட்டான். மூச்சு பாதியிலேயே திரும்பியது. பேயாண்டியின் மருமகன் பின்னால் வந்து முதுகைத் தொட்டு, “அண்ணே, வீட்ல கொண்டுபோய் விடட்டுமா?” என்று கேட்டான்.

“வாரேன். நீ முன்னால போ” என்றான் சிவபாண்டி. கொஞ்சம் பொறுத்துத் தூணை விட்டான். மயானம் வரைக்கும் இன்னும் எத்தனை தூணை, எத்தனை சுவரைப் பிடித்தான் என்பது கூடப் போனவர்களுக்குத் தெரியும். ஆனால் போனான். கொள்ளி வைக்கிற வரைக்கும் நின்றான்.

ஹாஸ்டலுக்குத் தகவல் போய்ப் பாண்டிமீனா ஓடிவந்தபோது வீடு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. அடுப்படி, கழிவறை, பரண் எல்லாம் பார்த்தாள். வாசலுக்கு ஓடிவந்தவளிடம், எதிர்ப்பந்தலில் இருந்த ராக்கம்மாள்தான் சொன்னாள், மயானத்துக்குப் போயிருக்கிறான் என்று. பாண்டிமீனா அதைத் திரும்ப ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

மயானத்துக்குப் போனவர்கள் தலைக்கு ஊற்றாமல் வீட்டுக்குள் வரக் கூடாது. வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, சொம்பும் துண்டும் எடுத்து, வாசப்படிக்கு வெளியே வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் இறங்குகிற நேரத்தில் ஆட்கள் கும்பலாகத் திரும்பினார்கள். கடைசியில் வந்தான் சிவபாண்டி, நொண்டிக்கொண்டு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. படியில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான். சட்டையைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, தெருவிலேயே உட்கார்ந்து சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொண்டான். போகிற வருகிற பைக் எல்லாம் அவனைச் சுற்றிப் போயிற்று. வாளி காலியானது. துண்டை நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. உள்ளே போக அவசரம் இல்லாதவன் மாதிரி, தெருவிலேயே காலை நீட்டிக்கொண்டான்.

“இன்னொரு வாளி கொண்டா மீனா” என்றான்.